கேள்வி பதில்: கோடு எங்க போட்டிருக்காங்கன்னு பாருங்க

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல மலேசிய அரசாங்கப் புள்ளிவிவரத்தைப் பத்தியே இருந்துச்சி. மத்ததை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: ஐயா, ஒரு குடும்பத்தோட சராசரி வருமானம் மாசம் 8,479 வெள்ளின்னு பேப்பர்ல போட்டிருந்துச்சி. எங்க ஃப்ளாட்ல ஒரு பிளாக் முழுக்க விசாரிச்சாலும் அவ்ளோ சம்பளம் வாங்குற வீடு தேறாது. இது என்ன கணக்கு, யாரை ஏமாத்துறாங்க?
*குடும்பத் தலைவி, செந்தூல்*

பதில்: அம்மா, அது புள்ளிவிவரத் துறை 2022-ல எடுத்த குடும்ப வருமானக் கணக்கெடுப்புல வந்த நம்பர். பொய் இல்ல, ஆனா உங்க பிளாக்கைப் பத்தின நம்பரும் இல்ல. சராசரின்னா எல்லார் வருமானத்தையும் கூட்டி வீட்டு எண்ணிக்கையால வகுக்குறது, மேல இருக்குற கொஞ்சம் பேரு பெரிய தொகை வாங்குனா போதும், மொத்த சராசரியும் மேல ஏறிடும். அதே கணக்கெடுப்புல நடு வருமானம்னு இன்னொன்னு இருக்கு, 6,338 வெள்ளி. நாட்டுல பாதி வீடு அதுக்குக் கீழ, பாதி வீடு அதுக்கு மேல. தலைப்புல வர வேண்டிய நம்பர் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

அதுக்கும் மேல, அவங்க 'வருமானம்'னு எதைச் சொல்றாங்கன்னு பாக்கணும். ஒரு ஆள் சம்பளம் இல்ல, வீட்டுல இருக்குற எல்லாரோடதும் சேர்த்து. இபிஎஃப் சேமநிதி வெட்டுறதுக்கு முன்னாடி. சொந்த வீடா இருந்தா, அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்தா எவ்ளோ வந்திருக்கும்னு ஒரு தொகையையும் வருமானமா சேர்ப்பாங்க, கையில ஒரு காசு வராட்டியும். ஒரு உதாரணத்துக்கு, அப்பா செக்யூரிட்டி வேலையில ஓவர்டைமோட 2,400, அம்மா கிளீனிங்ல 1,700, மக ஃபேக்டரியில 2,000, கடன் கட்டி முடிச்ச வீட்டுக்கு வாடகை மதிப்பு 900ன்னு வச்சிக்குங்க. கணக்குல அந்த வீடு 7,000 வெள்ளி வீடு. கைக்கு வர்றது 5,400 பக்கம். மூணு பேரு காலையில எழுந்து பஸ் புடிச்சி ஓடி சம்பாதிச்சது அது, ஆனா 2022 கணக்குல பி40ன்னு சொல்ற அடி 40 சதவீத வீடுங்களுக்கான கோடு 5,250, அதனால இவங்க எம்40ங்கிற நடு 40 சதவீதம், எஸ்.டி.ஆர்.ங்கிற அரசாங்க ரொக்க உதவிக்கு எல்லை 5,000, அதுலயும் வரமாட்டாங்க.

பி40ங்கிறது ஏழ்மைக் கோடு இல்ல, அடியில இருக்குற 40 சதவீதம், அவ்ளோதான். நாடு எவ்ளோ வளர்ந்தாலும் அது 40 சதவீதமாவேதான் இருக்கும். ரெண்டு பேரு இருக்குற வீடும் ஏழு பேரு இருக்குற வீடும் ஒரே கோட்டாலதான் பிரிக்கப்படுது, இதை வச்சி உதவி குடுக்குறது எந்த நியாயத்துலயும் சேராதுன்னு நான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு வரேன். 2024 ஜனவரியில அரசாங்கம் எல்லாரோட விவரத்தையும் சேர்க்க 'பாடு'ங்கிற தரவுத்தளத்தை ஆரம்பிச்சப்ப, ஒவ்வொரு வீட்டுக்கும் செலவு போக மிஞ்சுற வருமானத்தைப் பாக்கப் போறோம்னு சொன்னாங்க. அந்த யோசனை சரியான யோசனைதான். ஆரம்பிச்ச சில நாள்லயே பாதுகாப்பு ஓட்டை இருக்குன்னு பேச்சு கிளம்பி, மக்கள் தகவலைக் குடுக்கவே பயந்துட்டாங்க.

கேள்வி: 2016-ல நாட்டுல ஏழ்மை 0.4 சதவீதம்னு சொன்னாங்க, நாங்கல்லாம் பெருமைப்பட்டோம். அப்புறம் 2019 கணக்கு 5.6ன்னு வந்துச்சி. நடுவுல அப்படி என்ன நடந்துச்சி?
*ஓய்வு பெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்*

பதில்: ஐயா, அந்த மூணு வருஷத்துல ஏழைங்க கூடல. ஏழைன்னு சொல்றதுக்கு வச்சிருக்குற வருமானக் கோடு நகர்ந்துச்சி. இந்த இதழ்ல ஒரே ஒரு பதில்தான் படிக்க நேரம் இருக்குன்னா இதைப் படிங்க.

பழைய கோடு ஒரு குடும்பத்துக்கு மாசம் 980 வெள்ளி. நாலு பேரு இருக்குற வீடுன்னா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 வெள்ளி. சாப்பாடு, வாடகை, துணி, பஸ், பிள்ளைங்க ஸ்கூல் செலவு எல்லாம் அந்த எட்டுக்குள்ள. 1977-ல போட்ட முறை, 2005-ல ஒரு தடவை திருத்துனாங்க, அதுக்கப்புறம் விலைவாசியை மட்டும் லேசா ஏத்திக்கிட்டே வந்தாங்க, ஆனா பட்டணத்துல ஒரு குடும்பம் உயிரோட இருக்க என்ன வேணும்னு யாரும் மறுபடி உக்காந்து பாக்கல. அந்தக் கோட்டை வச்சி அளந்தா 2016-ல கோலாலம்பூர்ல ஏழ்மை 0.0 சதவீதம். பூஜ்ஜியம் ஐயா. பந்தாய் டாலாம்லயும் கம்போங் பாருவுலயும் இருக்குற ஃப்ளாட்டுங்கள்ல போய்ப் பாத்தவங்க யாராவது அந்த நம்பரை நம்பியிருப்பாங்களா?

2018-ல யூனிசெஃப் கோலாலம்பூர் மலிவு விலை ஃப்ளாட்டுங்கள்ல எடுத்த ஆய்வு வெளிவந்துச்சி. அஞ்சு வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைங்கள்ல 22 சதவீதம் பேரு வயசுக்கேத்த உயரம் இல்லாம இருந்தாங்க, 12 சதவீதப் பிள்ளைங்களுக்கு மூணு வேளை சாப்பாடு கிடைக்கல. அந்த ஃப்ளாட்டு ஜன்னல்ல நின்னா இரட்டைக் கோபுரம் தெரியும். ஒரு பக்கம் அரசாங்க ஏட்டுல பூஜ்ஜியம், இன்னொரு பக்கம் வளர்ச்சி நின்னுபோன பிள்ளைங்க, ரெண்டும் ஒரே ஊரு.

அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல ஏழ்மை பத்தின ஐ.நா. சிறப்பு அதிகாரி பிலிப் ஆல்ஸ்டன் வந்து சுத்திப் பாத்துட்டு, இந்த 0.4 நம்புற மாதிரி இல்ல, உண்மையான ஏழ்மை இதைவிட எத்தனையோ மடங்குன்னு வெளிப்படையா சொல்லிட்டுப் போனாரு. அரசாங்கம் உடனே மறுத்துச்சி, எங்க கணக்கு சர்வதேச முறைப்படி இருக்குன்னாங்க. ஒரு வருஷத்துக்குள்ள, 2020 ஜூலையில, கோட்டை 2,208 வெள்ளிக்கு மாத்துனாங்க. புதுக் கோட்டை வச்சி 2016-ஐத் திருப்பி அளந்தப்ப 0.4 இருந்த இடத்துல 7.6 வந்துச்சி.

இதுல எனக்கு வர்ற கோபம் நம்பர் தப்பா போச்சேன்னு இல்ல. 0.4ன்னா நாடு முழுக்க 25,000 குடும்பம் பக்கம்தான். அந்த நம்பரை வச்சிக்கிட்டு உக்காந்திருக்குற அதிகாரிக்கு ஏழ்மைங்கிறது கிட்டத்தட்ட முடிஞ்ச வேலை, மிச்சம் இருக்குறது உள்காட்டுல கொஞ்சம், பண்டிகைக்கு அரிசி மூட்டை குடுத்தா போதும். 2019 கணக்குப்படி அது 4 லட்சம் குடும்பத்துக்கும் மேல, அப்ப பள்ளிக்கூட சாப்பாடு, வீட்டு வாடகை, பஸ் சேவை, கிளினிக் எல்லாத்தையும் சேர்த்து யோசிக்கணும். அத்தனை வருஷமா தோட்டத்தை விட்டு பட்டணத்துக்கு வந்து ஃப்ளாட்டுல ஒதுங்குன நம்ம ஜனங்க உட்பட பட்டணத்து ஏழைங்க எந்தத் திட்டத்துலயும் பேரு இல்லாமலே இருந்தாங்க, ஏன்னா ஏட்டுல அவங்க ஏழையே இல்ல. கணக்கு எடுத்த பிள்ளைங்க ஒழுங்காத்தான் எடுத்தாங்க, குடுத்த அளவுகோலை வச்சி சரியாத்தான் அளந்தாங்க. அந்த அளவுகோல் காலாவதி ஆயிருச்சின்னு தெரிஞ்சும், சின்ன நம்பர் மேடையில சொல்ல நல்லா இருக்குன்னு விட்டு வச்சவங்கதான் இதுக்குப் பொறுப்பு.

அதுக்கப்புறம் 2020-ல நோய்த்தொற்று நேரத்துல 8.4க்குப் போய், 2022-ல 6.2க்கு இறங்குச்சி. 2022-க்கான கோடு 2,589 வெள்ளி. இனிமே யாராவது ஏழ்மை குறைஞ்சிருச்சின்னு சொன்னா முதல்ல கோடு எவ்ளோன்னு கேளுங்க ஐயா, உங்க கிட்ட படிச்ச பிள்ளைங்களுக்கும் இதைச் சொல்லுங்க.

கேள்வி: என் மகன் டிகிரி முடிச்சிட்டு மோட்டார்ல சாப்பாடு டெலிவரி ஓடுறான். வேலையில்லாதவங்க 3 சதவீதம்தான்னு நியூஸ்ல சொல்றாங்க. அவன் எந்தக் கணக்குல வருவான்?
*தகப்பன், பிறை*

பதில்: வேலையில இருக்குறவங்க கணக்குல அண்ணே. கணக்கெடுக்குற வாரத்துல காசுக்கு ஒரு மணி நேரம் வேலை செஞ்சிருந்தாலே வேலையில இருக்காருன்னுதான் எழுதுவாங்க. இது மலேசியாக்காரங்க கண்டுபிடிச்ச வித்தை இல்ல, உலகத் தொழிலாளர் அமைப்போட விதி, எல்லா நாட்டுலயும் அப்படித்தான், அதனாலதான் நாட்டுக்கு நாடு ஒப்பிட முடியுது. 2020 மே மாசம் எல்லாம் இழுத்து மூடியிருந்தப்பவே 5.3 சதவீதம்தான் காட்டுச்சி, 8 லட்சத்து 26 ஆயிரம் பேரு.

உங்க மகன் இருக்குற இடம் வேற பக்கத்துல இருக்கு. டிப்ளோமா, டிகிரி படிச்சிட்டு அந்தப் படிப்பு தேவைப்படாத வேலையில இருக்குறவங்க எத்தனை பேருன்னு புள்ளிவிவரத் துறையே மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுது, படிச்சி வேலையில இருக்குறவங்கள்ல மூணுல ஒரு பங்குக்கும் மேல அப்படித்தான் இருக்காங்க. ஒளிச்சி வைக்கல. ஆனா மந்திரி பேச்சுல 3 சதவீதம்தான் வரும், பத்திரிகையும் அதைத்தான் போடும், பல்கலைக்கழக இடத்தையும் பயிற்சிக் காசையும் முடிவு பண்றப்ப பாக்க வேண்டியது இந்த மூணுல ஒரு பங்கைத்தான்.

கேள்வி: சௌரஸ்தா மார்க்கெட்ல மீனு, காய்கறி வாங்கிப் பாத்தா தலை சுத்துது, விலைவாசி 3 சதவீதம் கூட ஏறலன்னு சொல்றாங்க. எந்தக் கடையில போய் விலை கேக்குறாங்க இவங்க?
*சாப்பாட்டுக் கடைக்காரம்மா, ஜோர்ஜ்டவுன்*

பதில்: உங்க மாதிரி மார்க்கெட்டுக்கும்தாங்க போறாங்க. ஒரே கடை, ஒரே பொருள், ஒரே எடை, மாசா மாசம் போய் விலை எழுதிக்கிட்டு வருவாங்க. பிரச்சினை அதுல இல்ல. விலைவாசி நம்பருக்குக் கணக்குல எடுக்குற பொருளுங்க மொத்தத்தையும் ஒரு கூடைன்னு வச்சிக்குங்க, அந்தக் கூடையில சாப்பாட்டுப் பொருளுக்கு கிட்டத்தட்ட 30 சதவீத பங்கு, மிச்சம் வாடகை, கரண்டு, போன், பெட்ரோல், ஸ்கூல் இப்படி. போன் விலையும் துணி விலையும் ஏறாம நின்னா மொத்த நம்பர் தாழ்ந்துதான் வரும். 2022-ல மொத்த விலையேற்றம் 3.3, சாப்பாட்டுப் பொருள் மட்டும் 5.8. வருமானத்துல பாதியைச் சாப்பாட்டுக்கே போடுற வீட்டுக்கு அந்த 3.3 அவங்க நம்பரே இல்ல.

இன்னொன்னும் இருக்கு. 2021-ல இருந்து பல வருஷம் பெட்ரோல் ரோன்95 லிட்டர் 2.05 வெள்ளியில கட்டி வச்சிருந்தாங்க, உலக விலை எங்க போனாலும் பங்க்ல மாறல, அதனால விலைவாசி நம்பர் அடக்கமா தெரிஞ்சிச்சி. ஏறுன விலையை யாரோ கட்டித்தானே ஆகணும், அது மானியமா பட்ஜெட்ல போய் நின்னுச்சி. உங்களுக்கு அது நல்லதுதான் பண்ணுச்சி, நான் குறை சொல்லல, ஆனா நம்பர் அடக்கமா இருக்குன்னா அதுக்கு மானியமும் ஒரு காரணம்னு சேர்த்துச் சொல்லணும்.

கேள்வி: பினாங்குக்கு எல்.ஆர்.டி. ரயில் வரப் போவுது, இத்தனை பேரு ஏறுவாங்கன்னு கணிப்பு சொல்றாங்க. இந்த மாதிரி கணிப்பை எவ்ளோ நம்பலாம்? கோலாலம்பூர்ல (கேஎல்) என்ன ஆச்சு?
*இளம் பொறியாளர், பாயான் லெப்பாஸ்*

பதில்: தம்பி, கேஎல் கதையை முழுசா தெரிஞ்சிக்கிட்டா பினாங்குல என்ன கேக்கணும்னு உங்களுக்கே தெரியும்.

ஸ்டார் எல்.ஆர்.டி. 1996 கடைசியில ஓட ஆரம்பிச்சது, புத்ரா 1998-ல. ரெண்டையும் தனியார் கடன் வாங்கிக் கட்டுனாங்க, இத்தனை பேரு ஏறுவாங்க, டிக்கெட் காசுலயே கடன் அடையும்னு கணிப்பு இருந்துச்சி. ஆள் அந்த அளவுக்கு வரல. நடுவுல 97 நிதி நெருக்கடி வேற. கடைசியில அரசாங்கம் பிரசாரானான்னு ஒரு கம்பெனியை வச்சி 5 பில்லியன் வெள்ளிக்கு மேல பாண்டு போட்டு அந்தக் கடனை எடுத்துக்கிச்சி. அப்புறம் மோனோரயில், அதையும் எடுத்துக்கிட்டாங்க. சுங்கை பூலோ காஜாங் எம்.ஆர்.டி. 2017-ல முழுசா திறந்தப்ப ஒரு நாளைக்கு 4 லட்சம் பேருன்னு பேச்சு, கோவிட் வர்றதுக்கு முன்னாடி அதுல பாதி கூட எட்டல.

இது மலேசியா வியாதி மட்டும் இல்ல. டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃப்ளூப்யரும் அவர் கூட்டாளிங்களும் பல நாட்டு ரயில் திட்டங்களை எடுத்து, கணிச்ச ஆளையும் நிஜமா ஏறுன ஆளையும் ஒப்பிட்டு 2005-ல எழுதுனாங்க. பத்துல ஒன்பது திட்டத்துல கணிப்பு கூடுதல், சராசரியா பாத்தா நிஜத்தை விட ரெண்டு மடங்குக்கும் மேல கணிச்சிருக்காங்க. தப்பு ரெண்டு பக்கமும் சரிசமமா விழுந்திருந்தா யதேச்சைன்னு விட்டுடலாம். எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சா, கணிப்பு கேக்குறவங்களுக்கு எந்த நம்பர் வேணுமோ அந்தப் பக்கம் சாயுதுன்னு அர்த்தம்.

ஆனா ஒன்னு சொல்லிடணும், அந்தப் பழைய புத்ரா லைன்தான் இன்னைக்குக் கிளானா ஜெயா லைன், காலையில மஸ்ஜிட் ஜாமேக்ல ஏறிப் பாருங்க, கால் வைக்க இடம் இருக்காது, 2022 நவம்பர்ல அது சில நாள் பழுதாகி 16 ஸ்டேஷன் மூடுனப்ப பட்டணமே திண்டாடிப் போச்சி. அப்ப தேவை இல்லாத ரயிலைக் கட்டிட்டாங்கன்னு சொல்ல முடியுமா? முடியாது. ஆள் வருவாங்கங்கிறது சரி, எந்த வருஷம் வருவாங்கங்கிறதுலதான் கோட்டை விட்டாங்க. கடனுக்கு வட்டி அந்த வருஷத்துல இருந்தே ஓட ஆரம்பிச்சிடும், ஆள் பத்து வருஷம் கழிச்சி வந்தா வட்டி காத்திருக்காது.

அதனால முத்தியாரா லைன்னு பேரு வச்சிருக்குற பினாங்கு எல்.ஆர்.டி. வேணுமா வேணாமான்னு என்னைக் கேக்காதீங்க, எனக்கு வேணும், கொம்தார்ல இருந்து பாயான் லெப்பாஸ் வரைக்கும் காடியில போற கொடுமை எனக்கும் தெரியும். ஆனா அந்தக் கணிப்புல, கடலைத் தூர்த்து உருவாக்குற சிலிக்கன் தீவு எந்த வருஷம் எவ்ளோ நிரம்பும்னு வச்சிருக்காங்க, மோட்டார்ல போறவன் மோட்டாரை விட்டு இறங்குவான்னு எதை வச்சி எழுதியிருக்காங்க, ஸ்டேஷன்ல இருந்து ஃபேக்டரி வாசலுக்கு பஸ் எத்தனை நிமிஷத்துக்கு ஒன்னு, ஆள் பாதிதான் வந்தா வருஷா வருஷம் எவ்ளோ துண்டு விழும், அதை மாநிலம் கட்டுமா மத்திய அரசாங்கம் கட்டுமா, இதெல்லாம் வெளியில வைக்கணும். நீங்க பொறியாளர், இதை எழுத்துலயே கேளுங்க.

கணிப்பு தப்பாயிட்டா அதை வச்சே ஏமாத்துறாங்கன்னும் முடிவு கட்டாதீங்க. 2020 ஏப்ரல்ல நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாரா அந்த வருஷப் பொருளாதார வளர்ச்சி மைனஸ் 2 சதவீதத்துக்கும் பிளஸ் அரைக்கும் நடுவுல இருக்கும்னு சொன்னாங்க, வந்தது மைனஸ் 5.6. 2022-க்கு 5.3-ல இருந்து 6.3ன்னாங்க, வந்தது 8.7. ரெண்டு பக்கமும் தப்பியிருக்கு, ஒரே நம்பரா சொல்லாம ஒரு எல்லையா சொன்னாங்க, நடுவுல திருத்தவும் செஞ்சாங்க. இதை நான் நேர்மையான கணிப்புன்னு சொல்லுவேன். இதுக்கு எதிர்ப்பக்கம் 1984 மக்கள்தொகைக் கொள்கை. 2100-ல நாட்டு ஜனத்தொகை 7 கோடி ஆகணும்னு மகாதீர் காலத்துல குறி வச்சாங்க. இன்னைக்குப் புள்ளிவிவரத் துறையே 2059 பக்கம் 4 கோடியே 20 லட்சம் சொச்சத்துல உச்சிக்குப் போய் அப்புறம் இறங்கும்னு சொல்லுது. ஆசையை கணிப்பு மாதிரி எழுதி வச்சா அப்படித்தான் ஆகும்.

கேள்வி: 2010-ல இந்தியர் 7.3 சதவீதம், 2020-ல 6.7. வேணும்னே நம்மளைக் குறைச்சிக் காட்டுறாங்கன்னு வாட்ஸ்அப்ல வருது. உண்மையா?
*வாசகர், கிள்ளான்*

பதில்: இல்லைங்க. தலை எண்ணிக்கை குறையல, 20 லட்சம் பக்கம் நிக்குது, மத்தவங்க வேகமா கூடுறதால பங்கு குறையுது. நம்ம வீடுங்கள்ல எத்தனை பிள்ளைங்கன்னு நீங்களே எண்ணிப் பாருங்க, உங்க தாத்தா வீட்டுல எட்டு, உங்க வீட்டுல ரெண்டு, உங்க மக வீட்டுல ஒன்னு. இப்ப இந்தியப் பெண்களோட குழந்தைப்பேறு விகிதம் ஒன்னுக்குக் கொஞ்சம் மேலதான். இந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பிக்கிட்டு உக்காந்தா செய்ய வேண்டிய வேலை நின்னு போகும். 500-க்கும் மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, அதுல நிறைய பள்ளியில 150 பிள்ளைங்க கூட இல்ல. தோட்டம் காலியான இடத்துல பள்ளி நிக்குது, ஜனங்க குடியேறுன தாமான்ல பள்ளி இல்ல. எந்த முக்கிம்ல, அதாவது மாவட்டத்துக்குள்ள இருக்குற எந்தச் சின்ன வட்டாரத்துல, எத்தனை இந்தியப் பிள்ளைங்க ஏழு வயசுக்கு வரப் போறாங்கன்னு கணக்கெடுப்புல இருந்து எடுக்கலாம், அதை எடுத்து வச்சிக்கிட்டு மனு குடுத்தா அமைச்சுல யாரும் தட்டிக் கழிக்க முடியாது.

நம்ம விஷயத்துல நம்பர் நிஜமாவே விளையாடுற இடம் வேற. 2022-ல இந்தியக் குடும்பத்தோட நடு வருமானம் 6,627, நாட்டோட நடு வருமானத்தை விட அதிகம். இதைக் காட்டி, உங்களுக்கு என்ன குறைன்னு கேக்குறாங்க. டாக்டரும் வக்கீலும் ஒரு பக்கம், கான்ட்ராக்ட் கிளீனரும் லோரி அட்டெண்டனும் இன்னொரு பக்கம் இருக்குற சமுதாயத்துல நடு நம்பர் யாரையும் காட்டாது. அடியில இருக்குற இருபது சதவீதத்தை மட்டும் தனியா, மாவட்ட வாரியா, வீடு வாடகையா சொந்தமான்னு பிரிச்சிக் குடுங்கன்னு கேக்கணும். ஐ.சி. அடையாள அட்டை இல்லாத நம்ம ஜனங்க கணக்கும் அப்படித்தான். மேடையில 3 லட்சம் பேருன்னு சொன்னாங்க, அவங்களைப் பதிய அரசாங்கம் நடத்துன 2011 மைடஃப்தார் இயக்கத்துல வந்து பதிஞ்சவங்க பத்தாயிரத்துக்குள்ள. ரெண்டுமே எண்ணுன கணக்கு இல்ல. ஒன்னு கட்சிக்காரங்க வாய்க் கணக்கு, இன்னொன்னு பயம் இல்லாம கவுண்டருக்கு வந்தவங்க கணக்கு. பேப்பர் இல்லாதவன் அரசாங்க ஆபிஸ் படி ஏறவே பயப்படுறான், அவனைத் தேடிப் போய் எண்ணுனாத்தான் உண்டு.

கேள்வி: பரீட்சை எழுதுறதும் அரசாங்கம், மார்க் போடுறதும் அரசாங்கம். பிடிக்காத நம்பரை மறைக்க மாட்டாங்களா?
*கல்லூரி மாணவி, பெட்டாலிங் ஜெயா*

பதில்: மறைச்சிருக்காங்க தங்கச்சி. 1997 புகைமூட்டத்துக்குப் பிறகு காத்துத் தூய்மை நம்பரை ரகசியமாக்கிட்டாங்க, சுற்றுலாக்காரங்க வரமாட்டாங்கன்னு காரணம். ஆஸ்துமா பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பலாமா கூடாதான்னு தாய்க்குத் தெரியாது. 2005 ஆகஸ்ட்ல புகை கழுத்தை நெரிச்சப்பதான் நம்பரை வெளியில விட்டாங்க, அதே வாரம் கோலா சிலாங்கூர்லயும் போர்ட் கிள்ளான்லயும் காத்து மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி அவசர நிலை போட வேண்டி வந்துச்சி. இன்னைக்கு நாம போன்ல மணிக்கு மணி பாக்குற நம்பர் அப்படி வெளிவந்ததுதான்.

2006-ல இன்னொன்னு. கம்பெனிப் பங்குங்கள்ல பூமிபுத்ரா (மலாய்க்காரர், மத்த பூர்வகுடிங்க) பங்குடைமை 18.9 சதவீதம்னு அரசாங்கம் சொல்லிச்சி, ஒரு தனியார் ஆய்வு மையம் அரசாங்கத் தொடர்பு கம்பெனிங்களையும் சேர்த்து சந்தை விலையில கணக்குப் போட்டு 45 பக்கம்னு எழுதுச்சி. பங்கோட முக மதிப்பா சந்தை மதிப்பா, அரசாங்கக் கம்பெனி பங்கு யாரோட பங்கு, இது ரெண்டும்தான் சண்டையோட அடிப்படை. உக்காந்து பேசி தீர்க்குற விஷயம். ஆனா அந்த மையத்தோட மேலிடம் ஆய்வைத் திரும்ப வாங்கிக்கிச்சி, இயக்குநர் லிம் டெக் கீ பதவி விலகிட்டாரு. பூமிபுத்ரா பங்கு 30 சதவீதம் ஆகணும்ங்கிற குறியை வச்சி நாட்டுக் கொள்கையே ஓடுது, அந்தக் குறிக்கு எவ்ளோ தூரம் இருக்குன்னு அளக்குற முறையை மட்டும் யாரும் பேசக் கூடாதுன்னா எப்படி? அப்ப இந்தியர் பங்கு 1.2, அது 2020-ல 3 ஆகணும்னு ஒன்பதாவது மலேசியத் திட்டத்துல எழுதி வச்சாங்க, அதையும் யாரும் இப்ப பேசுறது இல்ல.

வெளிநாட்டுலயும் நடக்குது. அர்ஜெண்டினாவுல 2007-ல விலைவாசிக் கணக்கு எடுத்த அதிகாரியைத் தூக்கிட்டு ஆளை மாத்துனாங்க, 2013-ல ஐ.எம்.எஃப். அந்த நாட்டைக் கண்டிக்கிற அளவுக்குப் போச்சி. 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவுல மே, ஜூன் வேலை எண்ணிக்கையை 2 லட்சத்து 58 ஆயிரம் குறைச்சித் திருத்துனாங்க, அன்னைக்கே டிரம்ப் அந்தக் கணக்கைப் போடுற அலுவலகத்தோட தலைவரை வேலையை விட்டு நீக்கிட்டாரு. திருத்துறது திருட்டு இல்லம்மா, முதல்ல பாதி பதில் வச்சிக் கணக்குப் போட்டு, மிச்சம் வந்ததும் சரி பண்றது அது. நான் பயப்படுறது திருத்துற ஆபிஸைப் பாத்து இல்ல, திருத்துனதுக்காக ஆளைத் தூக்குற தலைவரைப் பாத்து.

நம்ம புள்ளிவிவரத் துறைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லணும். ஓபன்டோஸ்ம்னு ஒரு தளம் 2022-ல வந்துச்சி, யாரு வேணாலும் காசு இல்லாம இறக்கிப் பாக்கலாம், எந்த நம்பர் எந்தத் தேதி வரும்னு முன்கூட்டியே போட்டுடுறாங்க. தேதி முன்னாடியே தெரிஞ்சா அமைச்சருக்குப் பிடிக்கலன்னு தள்ளிப்போட முடியாது. நீங்க மாணவி, ஒரு நாள் உக்காந்து உங்க மாவட்டத்து நம்பரை எடுத்துப் பாருங்க.

கேள்வி: கணக்கெடுக்க வந்தேன்னு ஒருத்தர் கதவைத் தட்டுனாரு, ஸ்கேமரா இருக்குமோன்னு திறக்கல. திறந்திருக்கணுமா?
*தனியா இருக்கும் அம்மா, ஆயர் ஈத்தாம்*

பதில்: திறக்காதது தப்பு இல்லம்மா, இந்தக் காலத்துல அந்தப் பயம் நியாயம்தான். அடுத்த தடவை கிரில்லைப் பூட்டி வச்சிக்கிட்டே அடையாள அட்டையைக் கேளுங்க, பேரை எழுதி வச்சிக்கிட்டு மாநிலப் புள்ளிவிவர அலுவலகத்துக்குப் போன் போட்டு இப்படி ஒருத்தர் வந்திருக்காரான்னு உறுதி பண்ணுங்க, அதுக்கு அவர் காத்திருப்பாரு. உண்மையான ஆளா இருந்தா பதில் சொல்லுங்க. 1965 புள்ளிவிவரச் சட்டப்படி உங்க தனிப்பட்ட தகவலை உங்க சம்மதம் இல்லாம வெளியில விட முடியாது. வருமானத்தைக் கூட்டியும் சொல்லாதீங்க, கூச்சப்பட்டு மறைக்கவும் செய்யாதீங்க, உங்க வீட்டை ஒரு சாம்பிளாத்தான் எடுத்திருப்பாங்க, உங்களை மாதிரி தனியா இருக்குற நூத்துக்கணக்கான அம்மாமாருக்கும் சேர்த்துத்தான் அந்தப் பதில் போய் நிக்கும். பேங்க் கணக்கு நம்பர், ஓ.டி.பி., ஏ.டி.எம். பின் நம்பர்னு கேட்டா அது கணக்கெடுப்பே இல்ல, பேச்சை நிறுத்திட்டு பக்கத்து வீட்டைக் கூப்பிடுங்க.